தாமாக விலகியவர்

யுவனேஸ்வரிக்குப் பொன்னாடை போர்த்திய அதே வாரத்தில் அவர் வேலையற்றோர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். இந்த இரண்டு செய்திகளும் ஒன்றையொன்று சந்தித்துவிடக்கூடாது என்பதே அவருடைய கவலையாக இருந்தது.

பொன்னாடை போர்த்தியவர் சுதர்சன். மெல்பேர்னின் தென்கிழக்கில், டன்டினோங் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றிலிருந்து பலசரக்கு இறக்குமதி செய்பவர். அவருடைய தகப்பனார் அந்தத் தொழிலைத் தொடங்கிய நாளிலிருந்து கப்பல் ஆவணங்களையும் சுங்கத் தாள்களையும் பார்த்துவந்தவர் யுவனேஸ்வரி. தகப்பனார் மறைந்தார், மகன் முதலாளியானார், யுவனேஸ்வரி அமரும் கதிரை மட்டும் யன்னலோரத்தில் அப்படியே இருந்தது.

மாசி மாதத்து வெக்கை நாளொன்றில் சுதர்சன் அவரைத் தம் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். மேசையைப் பார்த்தபடியே பேசினார்.

"அன்ரி, எல்லாத்தையும் புது சிஸ்டத்துக்கு மாத்திறம். இனி உங்கட வேலைக்கு ஒரு ஆள் தேவைப்படாது. குறை நினைக்காதேங்கோ."

ஏன் என்று யுவனேஸ்வரி கேட்கவில்லை. எவ்வளவு தருவீர்கள் என்றும் கேட்கவில்லை. அவர் கேட்டது வேறொன்று.

"வெளியில என்ன சொல்லப் போறீங்கள் தம்பி?"

"நீங்கள் எப்பிடிச் சொல்லச் சொல்லுறீங்களோ, அப்பிடி."

"நிப்பாட்டினது எண்டு ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம். நானாத்தான் விடுறன் எண்டு சொல்லுங்கோ. கடிதமும் நானே எழுதித் தாறன்."

நம்மவர்களிடையே வேலை போனவரை வேலை போனவர் என்று எவரும் சொல்வதில்லை. "வீட்டோட நிக்கிறாவாம்" என்பார்கள், குரலைத் தாழ்த்தி, நோய்ச் செய்தி சொல்வதைப்போல. அந்தத் தாழ்ந்த குரலைத் தம் பெயரோடு சேர்த்துக் கேட்க யுவனேஸ்வரி ஆயத்தமாக இருக்கவில்லை. சுதர்சனின் முகத்தில் அப்போது ஒரு நிம்மதி தோன்றியது. அதை யுவனேஸ்வரி இரக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

பிரிவுபசாரம் அதே அறையில் நடந்தது. சிற்றுண்டியாக ரோல்ஸும் பற்றிஸும் வந்தன. சுதர்சன் பொன்னாடையைப் போர்த்தினார். அவருடைய மனைவி ராதா தொலைபேசியில் படம்பிடித்தார். "எங்கட யுவனேஸ்வரி அன்ரி தன்ர விருப்பத்தில ஓய்வெடுக்கிறா. இனி பேசின் ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்குத்தான் அவவின்ர சேவை" என்று சுதர்சன் அறிவித்தார். யுவனேஸ்வரியும் ஒலிவாங்கியைக் கையில் எடுத்து, "ஓம், நானாகத்தான் விலகுறன்" என்று தெளிவாகச் சொன்னார். அன்று மாலையே அந்தக் காணொளி தமிழ் வாட்ஸ்அப் குழு முழுவதும் பரவிற்று. அவருக்கு ஐம்பத்துமூன்று வயதுதான்; இவ்வளவு கெதியாக ஓய்வோ என்று இரண்டொருவர் வியந்தார்கள். மற்றவர்கள் வாழ்த்தினார்கள்.

உதவித்தொகை அலுவலகத்துக்கு அந்தக் காணொளி தேவைப்படவில்லை. முதலாளி அனுப்பிய விலகல் சான்றிதழே அங்கே போதுமானதாக இருந்தது.

விண்ணப்பம் 'பரிசீலனையில் உள்ளது' என்ற வாசகத்தை யுவனேஸ்வரி நாள்தோறும் திறந்து பார்த்தார். அது மாறாமல் இருந்தது. தொலைபேசியில் அழைத்தால் ஒரே இசை. இசைக்கு நடுவே, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்ற குரல். குசினியில் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுப் பருப்பை அடுப்பில் ஏற்றுவார். பருப்பு வெந்து, கடைந்து, தாளித்து இறக்கிய பின்னரும் இசை ஓயாது. சில நாள்களில் எவரும் எடுக்காமலே இணைப்பு அறுந்துபோகும். கடைசியில் ஒரு நாள் எடுத்த அதிகாரி மரியாதையாகவே பேசினார். சான்றிதழில் 'தாமாக விலகியவர்' என்று இருப்பதாகவும், தகுந்த காரணமின்றித் தாமாக விலகியவர்கள் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். சான்றிதழ் தவறென்றால் முதலாளியிடம் திருத்தி வாங்கலாம். அல்லது யுவனேஸ்வரியே தம் தரப்பைச் சொல்லலாம். அலுவலகம் முதலாளியிடம் அதை விசாரிக்கும். எந்த வழியில் போனாலும் சுதர்சன் வாய் திறக்க வேண்டும்.

அதுவரை தொகை வராது. ஆனால் கடமை வந்துவிட்டது. வேலை தேடுவோர் நிறுவனம் ஒன்றுக்கு அவர் குறித்த வேளைகளில் நேரில் செல்ல வேண்டும். மாதந்தோறும் வேலைகளுக்கு விண்ணப்பித்துப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். சேர்க்கத் தவறினால் உதவி நிறுத்தப்படும் என்று எச்சரிக்கும் குறுஞ்செய்தியும் வந்தது.

ரோவில் பகுதியில் அவர் வாடகைக்கு இருந்த சிறிய வீட்டின் ஒப்பந்தம் அந்த இரண்டு மாதத்துக்குள் முடிவடைய இருந்தது. புதுப்பிப்பதற்கு வருமானச் சான்று வேண்டும் என்று வீட்டு முகவர் எழுதியிருந்தார். கணவர் இறந்தபின் யுவனேஸ்வரி தாமே தேடி எடுத்த வீடு அது. சுவரில் எந்த ஆணி எங்கே என்பதும் அவருடைய முடிவு.

சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் மகன் சுகிர்தன் தொலைபேசியில் கேட்டான்: "அம்மா, ரிட்டையர் பண்ணியாச்சு. பிறகேன் அங்க தனிய வாடகை கட்டிக்கொண்டு? இங்க வாங்கோ. நான் வேலை செய்யிற அறையைத் தாறம். என்ர மேசை மட்டும் கொஞ்ச நாளைக்கு அங்க இருக்கும்."

"யோசிப்பம்."

"என்னத்தை யோசிக்கிறது? பிள்ளையும் உங்களைக் கேக்கிறாள்."

யுவனேஸ்வரி முன்பு ஒருமுறை அங்கே சில வாரங்கள் தங்கியிருந்தார். தண்ணீர் குடிக்க எழுந்தாலும், "என்ன வேணும் மாமி? நான் எடுத்துத் தாறன்" என்று அன்போடு மருமகளின் குரல் எழும். அந்த அன்புக்கே அவர் அஞ்சினார். அங்கே போனால் திரும்பி வருவதற்கு ஒரு கதவு இராது.

வேலை தேடுவோர் நிறுவனத்தில் அவருக்கு ஒதுக்கப்பட்ட ஆலோசகர் ஒரு தமிழ்ப் பெண். செய்தி கோயில் வரை போய்விடுமோ என்பதே யுவனேஸ்வரியின் முதல் எண்ணம்.

"வணக்கம் ஆண்ட்டி, நான் தேஜஸ்வினி. கோயம்புத்தூர்."

"நீங்கள் பேசின் கோயிலுக்கு வாறனீங்களோ, பிள்ளை?"

"எப்பவாச்சும். காரை நிறுத்த இடம் கிடைச்சா சாமி கும்பிடுவேன், இல்லேன்னா அப்படியே திரும்பிடுவேன்." சிரித்தவள், யுவனேஸ்வரியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "பயப்படாதீங்க ஆண்ட்டி. இங்க பேசுறது வெளிய போகாது. போனா என் வேலை போயிடும். அப்புறம் நானும் மேசைக்கு உங்க பக்கம்தான் உக்காரணும்."

யுவனேஸ்வரி ஒழுங்காகப் புள்ளி சேர்த்தார். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலை, முதியோர் இல்லச் சலவை, இரவில் பொதி கட்டும் வேலை என எல்லாவற்றுக்கும் பிழையற்ற கடிதங்கள் எழுதினார். பெரும்பாலானவற்றுக்குப் பதிலே இல்லை. பதில் எழுதியவர்கள், வேறு தகுதியானவர்களைத் தெரிவு செய்ததாக வருந்தினார்கள்.

மூன்றாவது சந்திப்பில் தேஜஸ்வினி கணினித் திரையை உற்சாகமாக அவர் பக்கம் திருப்பினாள்.

"இதப் பாருங்க ஆண்ட்டி! உங்களுக்கே அளவெடுத்துத் தச்ச மாதிரி ஒரு வேலை."

இறக்குமதி மேலாளர், இடம் டன்டினோங், தமிழ் தெரிந்திருத்தல் விரும்பத்தக்கது. நிறுவனத்தின் பெயர் இல்லை. கடமைகள் வரிசையாக இருந்தன. அவற்றை வாசிக்க வாசிக்க யுவனேஸ்வரியின் கை மேசை விளிம்பைப் பற்றியது. ஒவ்வொரு வரியும் அவர் எழுதியது. போகும்முன், புதிய முறைக்கு உதவியாக இருக்கும் என்று சுதர்சன் கேட்டதனால் அவர் ஒரு வார இறுதி முழுவதும் இருந்து எழுதிக் கொடுத்த விளக்கக் குறிப்பு அது. ஒரு சொல்லும் மாற்றப்படவில்லை.

"இது என்ர கதிரை" என்றார்.

"என்ன ஆண்ட்டி?"

"நான் இருந்த இடம். இனி ஆள் தேவையில்லை, சிஸ்டம் பாக்கும் எண்டு சொன்னவர்."

தேஜஸ்வினி திரையை மறுபடி பார்த்தாள். குரல் இறங்கியது. "அப்ப இது ஸ்பான்சர் விளம்பரமா இருக்கும். வெளிநாட்டுல ஆள் ரெடியா இருப்பாங்க. இங்க தேடினோம், யாரும் கிடைக்கலன்னு காட்டணும்ல, அதுக்காகப் போடுறது. அதே வேலைலேர்ந்து சமீபத்துல யாரையாவது நிறுத்தியிருந்தா அதையும் சொல்லணும். சொன்னா விசா கஷ்டம்." யுவனேஸ்வரியின் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "தானா போயிட்டாங்கன்னா பிரச்சினை இல்ல."

ராதாவின் தம்பி ரவீன் மட்டக்களப்பில் இருந்தான். அவனை எப்படியாவது இங்கே எடுக்க வேண்டும் என்று ராதா மதிய உணவு வேளைகளில் பேசாத நாளில்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் சுதர்சனின் முகத்தில் தோன்றிய நிம்மதி யுவனேஸ்வரியின் நினைவுக்கு வந்தது. அது இரக்கம் அல்ல. அவர் கேட்கத் தயங்கியிருந்ததை இவரே தட்டில் வைத்து நீட்டியிருக்கிறார்.

"இதுக்கு நான் போடமாட்டன்."

"போடணும் ஆண்ட்டி. உங்களுக்குப் பொருத்தம்னு நான் பரிந்துரைச்சாச்சு, பதிவாயிடுச்சு. போடலேன்னா மறுத்ததா ஆயிடும். வரப்போற காசும் நின்னுடும்."

"நீங்கள் அதை எடுத்துவிட ஏலாதோ?"

"ஏத்துறதுக்குத்தான் எனக்குப் பட்டன் இருக்கு. இறக்குறதுக்கு இல்ல."

யுவனேஸ்வரி அந்த மேசையிலேயே விண்ணப்பத்தை அனுப்பினார்.

மறுநாள் மாலை சுதர்சன் ரோவிலுக்கு வந்தார். கையில் களஞ்சியச் சரக்கிலிருந்து எடுத்த ஒரு பனங்கட்டிப் பை. அதை மேசைமேல் வைத்துவிட்டு நின்றார்.

"இருங்கோ" என்றார் யுவனேஸ்வரி.

"அன்ரி, என்ன இது? எனக்கே அப்ளிகேசன் போட்டிருக்கிறீங்கள்."

"போடாட்டி எனக்கு நிப்பாட்டிப்போடுவினம்."

"என்னத்தை நிப்பாட்டுவினம்? உங்களுக்கு இன்னும் ஒண்டும் வரேல்லையே."

"அதைத்தான் தம்பி. வராததையும் நிப்பாட்டுவினம்."

சுதர்சன் சிரிக்க முயன்றார், முடியவில்லை. "அதைத் திருப்பி எடுங்கோ அன்ரி. நீங்கள் போட்டிருக்கிறது தெரிஞ்சால் உள்ளூரில ஆள் இல்லை எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

"நீங்கள் அந்தச் சான்றிதழைத் திருத்துங்கோ. நிப்பாட்டினது எண்டு எழுதுங்கோ. நான் எடுக்கிறன்."

"அப்பிடி எழுதினால் ரவீன்ர விசா அங்கயே முடிஞ்சுது. ராதா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா."

"உங்களை விடாட்டி நீங்கள் களஞ்சியத்தில படுக்கலாம். எனக்கு இந்த வீட்டை விட்டால் வேற இல்லை."

சுதர்சன் நிமிர்ந்தார். அவருடைய குரலில் முதன்முறையாக ஒரு கூர்மை வந்தது. "அன்ரி, நானோ அப்பிடிக் கேட்டனான்? நீங்கள்தானே சொல்லச் சொன்னனீங்கள்? கடிதம் எழுதினது ஆர்? மைக்கில சொன்னது ஆர்?"

அது முழு உண்மை. யுவனேஸ்வரி பனங்கட்டிப் பையை மேசை ஓரத்துக்கு நகர்த்தினார்.

"நீங்கள் கேக்கேல்லை. ஆனால் நான் சொல்லேக்க ரவீன் உங்கட மனதில இருந்தவன்."

சுதர்சன் மறுக்கவில்லை. புறப்படும்போது வாசலில் நின்று ஒரு வழி சொன்னார். விசா முகவர் நேர்முகத்தேர்வுகளைத் தாமே வந்து பதிவு செய்வார். யுவனேஸ்வரி வரட்டும், புதிய கணினி முறை தெரியாது என்று சொல்லட்டும், பொருத்தமில்லை என்று எழுதிவிடலாம். "உங்கட வேலை தேடித் தாற ஆக்களுக்கும் நீங்கள் வந்தது கணக்கு. எனக்கும் பிரச்சினை இல்லை."

"என்ர வீடு?"

"கொஞ்ச நாளைக்கு மகனோட இருங்கோவன், அன்ரி."

அன்றிரவு அவர் சமைக்கவில்லை. பனங்கட்டிப் பை பிரிக்கப்படாமல் மேசையிலேயே கிடந்தது.

நேர்முகத்தேர்வு பொன்னாடை போர்த்திய அதே அறையில் நடந்தது. மேசைக்கு அப்பால் சுதர்சனும் ராதாவும் இருந்தார்கள். நடுவில் கல்யாணசுந்தரம் என்னும் விசா முகவர். சென்னையிலிருந்து வந்தவர்; யுவனேஸ்வரியை முன்பின் அறியாதவர்; அவருடைய பழைய வேலை விவரத்தைச் சுதர்சன் காட்டியிருக்கவில்லை. எல்லா விண்ணப்பதாரரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே ஒழுங்கில் எழுதவேண்டும் என்பதில் கண்டிப்பானவர் என்பது பார்த்த அளவிலேயே தெரிந்தது. வேறொரு வேளையில் யுவனேஸ்வரிக்கு அவரைப் பிடித்திருக்கும்.

கணினி முறை பற்றிய கேள்வி வந்தது. ராதா எழுதுகோலைத் தயாராக வைத்துக்கொண்டார்.

"புது முறை தெரியாது" என்றார் யுவனேஸ்வரி. சுதர்சன் மெல்ல மூச்சை விட்டார்.

"கடைசியா பார்த்த வேலைய ஏன் விட்டீங்கம்மா?" கல்யாணசுந்தரம் தாளைப் பார்த்தபடியே கேட்டார்.

அது ஒரு வழக்கமான கேள்வி. விடையும் அவர் ஏற்கெனவே ஒலிவாங்கியில் சொன்னதுதான். மறுபடி ஒருமுறை சொன்னால் ரவீன் வந்துவிடுவான். ராதா புன்னகை செய்வார். கோயிலில் எவரும் குரலைத் தாழ்த்த மாட்டார்கள். யுவனேஸ்வரி மட்டும் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, மகனுடைய மேசை இருக்கும் அறைக்குப் போய்ப் படுப்பார். திறந்திருந்த கதவு வழியே யன்னலோரக் கதிரை தெரிந்தது. எவரோ அதன்மேல் பொதிப்பெட்டியொன்றை வைத்திருந்தார்கள்.

"நான் விடேல்லை ஐயா. என்னை நிப்பாட்டினவை."

எழுதுகோல் நின்றது. "எந்த நிறுவனம்மா?"

"இந்த நிறுவனம். இதே வேலை. இதே அறையிலதான் சொன்னவை. மரியாதை போயிடும் எண்டு, நானா விலகினது எண்டு எழுதச் சொன்னது நான்தான். அது என்ர பிழை. அதையும் எழுதுங்கோ."

"அன்ரி!" என்றார் ராதா.

கல்யாணசுந்தரம் எழுதுகோலை மூடினார். "சுதர்சன் சார், இத நீங்க எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"அது… அவங்கதான்…"

"காதுல விழுந்த பிறகு நான் கையெழுத்துப் போட முடியாது. எனக்கு லைசென்ஸ் இருக்கு, குடும்பம் இருக்கு. வேலை தெரிஞ்சவங்க இங்கயே உக்காந்திருக்காங்க. அப்புறம் யாருக்கு விசா கேக்கப் போறீங்க?"

ராதா எழுந்தார். "எங்கட வீட்டில எத்தினை நாள் சாப்பிட்டிருப்பியள்? மாமா செத்த அண்டு முழுக்க எனக்குப் பக்கத்தில இருந்த ஆள். அந்த வாயால இதைச் சொல்ல உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது?"

யுவனேஸ்வரி கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். வீடு வரையில் அவருக்குத் தலை நிமிர்ந்தே இருந்தது.

இரண்டு நாள் கழித்துச் சுதர்சன் அழைத்தார். வணக்கம் சொல்லவில்லை.

"ரவீன்ரதை விட்டாச்சு. துறைமுகத்தில ரெண்டு கொண்டெய்னர் நிக்குது, தாள் பாக்க ஆள் இல்லை. திங்கக்கிழமை வாங்கோ."

"என்னத்துக்கு?"

"வேலைக்கு. பழைய வேலை, பழைய சம்பளம். கடிதம் அனுப்பியிருக்கிறன். உங்கட ஆக்களுக்கும் ஒரு பிரதி போயிருக்கு."

"சான்றிதழைத் திருத்துவீங்களோ?"

"வேலை தந்தாச்சு. பிறகு என்ன சான்றிதழ்?"

யுவனேஸ்வரி தேஜஸ்வினியை அழைத்தார். இது ஒன்றுதான் அவர் அறிய விரும்பியது: மாட்டேன் என்று சொல்லலாமா?

"சொல்லலாம் ஆண்ட்டி. ஆனா தகுந்த வேலைய மறுத்ததா ஆயிடும். காத்திருக்குற காலம் கூடும். அந்தச் சான்றிதழ் தகராறும் அப்படியே கெடக்கும்."

"அப்ப போகத்தான் வேணும்."

"ஆமா." தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "யாருக்காவது வேலை கிடைச்சா வாழ்த்து சொல்லணும்னு எங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்காங்க. சொல்லட்டுமா?"

"சொல்லுங்கோ பிள்ளை. உங்கட கடமை."

அவள் வாழ்த்தினாள். அன்று மாலையே உதவித்தொகை அலுவலகத்திலிருந்து குறுஞ்செய்தி வந்தது. வேலை கிடைத்துவிட்டதால் விண்ணப்பம் முடிக்கப்பட்டதாம். கொடுக்கப்படாத வாரங்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. வேலைக் கடிதத்தைப் பார்த்த வீட்டு முகவர் ஒப்பந்தத்தை மேலும் ஓர் ஆண்டுக்குப் புதுப்பித்தார். யுவனேஸ்வரி கையெழுத்திட்டார். அந்த ஓர் ஆண்டும் எந்தக் கதிரையில் கழியும் என்பதை அறிந்தே கையெழுத்திட்டார்.

சுகிர்தனிடம், ஆள் கிடைக்காமல் அவர்கள் கெஞ்சிக் கேட்டார்கள் என்றார். "நல்லது அம்மா" என்றான் அவன். அவனுடைய குரலில் வருத்தமும் இருந்தது. சிறிது ஆறுதலும் இருந்தது.

திங்கட்கிழமை அவர் கதிரையிலிருந்த பொதிப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அமர்ந்தார். எதிர் மேசையில் ராதா. முன்பெல்லாம் ராதா தலையை நீட்டி, "அன்ரி, தேத்தண்ணி?" என்பார். இப்போது கையெட்டும் தூரத்திலிருந்து மின்னஞ்சல் அனுப்பினார். அதில் அன்ரி இல்லை. யுவனேஸ்வரி என்று மட்டும் இருந்தது. ராதாவின் மேசையில் ரவீனின் படம் ஒன்று எப்போதும் ராதாவைப் பார்த்தபடி நிற்கும். அன்று அதை எவரோ யுவனேஸ்வரியின் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்கள்.

முற்பகலில் இருவருடைய தொலைபேசிகளும் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. தமிழ்க் குழுவில், விடுமுறையிலிருந்து திரும்பிய எவரோ பிரிவுபசாரக் காணொளியைப் பிந்திப் பார்த்திருந்தார். 'வாழ்த்துகள் அன்ரி. இவ்வளவு காலம் உழைத்தது போதும். இனியாவது நிம்மதியாக இருங்கோ.'

ராதா அதை வாசித்தார். தலையை நிமிர்த்தி யுவனேஸ்வரியைப் பார்த்தார். என்ன எழுதப்போகிறார் என்று காத்திருந்தார்.

யுவனேஸ்வரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, 'மிக்க நன்றி' என்று எழுதி அனுப்பினார். பிறகு தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முதலாவது கொள்கலனின் தாள்களை எடுத்தார்.